அக்கா வெட்டிய பக்கம்

1
இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு. அக்காவுக்கு மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போனது. அவளுக்கும் சேர்த்துப் பேசும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் எடுத்துக்கொண்டேன். எழுத்தாளன் இல்லையா, வார்த்தைக்கு என்ன பஞ்சம்.

முதல் தொடக்கம்: "மௌனம் பெருங்கடலாக அவளைச் சூழ்ந்த

(நிறுத்திவிட்டேன். அக்கா தையல்கடை வைத்திருப்பவள். கடலுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

2
ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்மணி பொறுமையாக விளக்கினார். "அறிவு அப்படியே இருக்கு. நீங்க பேசறதும் அவங்களுக்குப் புரியுது. வார்த்தையாக்கி வெளிய கொண்டுவர்ற இடத்துலதான் அடி. ஒண்ணு கவனிங்க, 'இல்ல'ன்னு சொல்ல நினைச்சா சில சமயம் 'ஆமா'ன்னு வந்துடும்."

குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்தேன். [எழுதிவிட்டால் புரிந்துவிட்டதாக நினைப்பது எங்கள் தொழில் வியாதி.]

மறுநாள் அக்கா, "கடை... கடைய..." என்று திணறினாள்.

"காலி பண்ணிடலாமாக்கா?"

"ஆமா."

கையோடு கட்டட ஓனருக்குப் போனில் சொல்லிவிட்டேன். அக்காவின் இருபது வருடக் கடை. அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று யோசித்திருக்கலாம். வாக்கியம் கச்சிதமாக முடிந்த திருப்தியில் இருந்தேன். அதற்குப் பிறகு பத்து நாளும் அவள் "கடை, கடை" என்றபோதெல்லாம், "அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன்" என்று தட்டிக்கொடுத்தேன்.

3
கதைக்கு மூன்று முடிவுகள் எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

(அ) கடையை மூடிவிட்டு நிம்மதி அடைகிறாள்.

"ஆமா! ஆமா! ஆமா!" என்று கத்தினாள். கண்ணில் நீர் கொட்டியது. தலையோ இல்லை இல்லை என்று ஆடியது.

(ஆ)வுக்குப் போகவே விடவில்லை. காகிதத்தைப் பிடுங்கினாள். வலக்கை வராது. நூல் பிசகாமல் துணி வெட்டுகிறவள், இடக்கையில் கத்தரிக்கோலைத் திணித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் கோணல்மாணலாக வெட்டிப் போட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மண்டையில் எந்த அடைப்பும் கிடையாது, ஆனாலும் அந்த 'ஆமா' ஒரு 'இல்ல' என்று புரியப் பத்து நாள் ஆகியிருக்கிறது. அழுதேன் என்று எழுதினால் மலிவாக இருக்கும். அழுதேன்.

4
"தப்பா சொல்லிட்டேன் சார்" என்று சொல்வதற்காக ஓனருக்குப் போன் போட்டேன். மணி அடிக்கும்போதே அக்கா போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ" என்றாள், தெளிவாக. பழகித் தேய்ந்த வார்த்தைகள் பல நேரம் தப்பித்துக்கொள்ளுமாம்.

"சொல்லுங்கம்மா" என்றார் ஓனர், எனக்கும் கேட்கிற சத்தத்தில். "புது ஆளு நாளைக்குப் பூட்டு மாத்த வர்றாரு."

"கடை..." அக்காவுக்கு நெற்றி வியர்த்தது. "கடைய... நா... நா..."

முழு வாக்கியமும் என் நாக்கு நுனியில் நிற்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று தெரியும். தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள். ஓனர் இன்னும் போனை வைக்கவில்லை.