இருபத்தொரு பேருக்குச் சமையல்

கப்பலுக்குப் பின்னால் காலி அரிசிச் சாக்குகள் மிதந்து வருகின்றன, வெள்ளையாக, வயிறு உப்பி, முங்க மறுத்து, நான் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மிதக்கவா விடுவீரு, இரும்பக் கட்டிப் போடும் வே என்று கேப்டன் கொரைரா மேலிருந்து கத்துகிறார், இருபத்தொரு பேர் வேலை செய்யும் கப்பலில் சமையல்காரன் நான், ஆறு நாளாக வேளைக்கு ஒரு மூட்டை வடிக்கிறேன், ஏனென்றால் கீழே, சிமென்ட் இருக்கவேண்டிய சரக்கு அறையில், இருநூறு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், போர் நடக்கும் நாட்டுக்குப் போகிற கட்டடத் தொழிலாளர்கள் என்றது காகிதம், எல்லாவனுக்கும் ஒரே மாதிரி முடிவெட்டு, இப்பிடி ஒரு கொத்தனாரு கூட்டத்த நான் பாத்ததே இல்லண்ணே என்று கிளமெண்ட் சிரித்தான், சரக்கு அறை அவன் பொறுப்பு, எங்கள் தெருக்காரன், சிரிப்பை அடக்கத் தெரியாதவன். அவர்களை அனுப்பிய நாடு, அந்தப் போரில் எங்கள் சிப்பாய் ஒருவன்கூட இல்லை என்று தினமும் வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தது, இருக்கிறான் என்று தெரிந்தால் எதிரணி நாடுகளும் படை அனுப்பும், அனுப்பினால் இவர்கள் பக்கத்து நாடுகளும் சும்மா இருக்காது, இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, எனக்குத் தெரிந்தது உலை.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எதிரணிக் கடற்படை எங்களை மறித்தது, எவன் கேட்டாலும் இருபத்தொண்ணு, ஒண்ணு கூடுச்சுன்னா நம்மள்ல ஒருத்தன் ஊரு திரும்ப மாட்டான் என்று கேப்டன் காதோடு சொன்னார், அதிகாரி என் பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார், எத்தனை பேருக்குச் சமைத்தாய், இருபத்தொன்று, நீ உண்மையான எண்ணிக்கையைச் சொன்னால் போதும், எங்கள் படை நாளையே இறங்கும், இருபத்தொன்று, சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன், கையெழுத்தும் போட்டேன், எங்களை விட்டார்கள், விசாரணை முடியும்வரை கிளமெண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள், உங்கள் கூற்றில் ஒன்று பொய் என்றாலும் இவன் சிறையில்தான் என்றார்கள், அவன் அப்போதும் சிரித்தான், பொங்கலுக்குள்ள வந்துருவேண்ணே என்றான், பொங்கல் போய் ஈஸ்டரும் போய்விட்டது.

தினமும் காலையில் அவன் மனைவி டெல்பின் என் வீட்டுக்கு வருவாள், ஏதாவது தகவல் வந்துச்சாண்ணே என்பாள், இன்றும் வந்து உட்கார்ந்திருக்கிறாள், என் போன் அடிக்கிறது, சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர், கூடவே திரையில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுகிறாள், வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் நாற்பது வயது ஆள், இவங்க வீட்டுக்காரர் ராணுவத்துல இருந்தாருங்க, இப்ப அப்படி ஒருத்தரை அனுப்பவே இல்லைன்னு சொல்லிட்டாங்க, செத்தாரா இருக்காரான்னும் சொல்ல மாட்டேங்கறாங்க, உங்க கப்பல்ல வந்தாரா, பேசறதைப் பதிவு பண்றோம், சாட்சிக்கு வேணும். டெல்பினின் கை என் முழங்காலில் விழுகிறது, எங்க கப்பல்ல யாரும் வரலம்மா என்கிறேன், நாங்க இருபத்தொரு பேருதான். அந்தப் பெண் படத்தை இறக்குகிறாள், அழவில்லை, மெதுவாக எதையோ சொல்கிறாள், சரிங்கய்யா, வரலைன்னே இருக்கட்டும், அவருக்கு மேல்பல்லு ஒண்ணுகூடக் கிடையாது, அப்படி ஒருத்தர் வந்திருந்தா என்ன சாப்பிட்டிருப்பார்னு கேக்கறாங்க.

கப்பல் கிளம்பிய இரண்டாம் நாள் அந்த ஆள் தட்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான், கருவாட்டைக் காட்டினான், வாயைத் திறந்து காட்டினான், எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது, அண்டாவின் அடிச்சோற்றை மத்தால் மசித்து, உப்புப் போட்டு, அவனுக்கென்று தனியாக ஒரு கிண்ணம், இரண்டு கையாலும் வாங்குவான், நின்றபடியே குடிப்பான், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கீழே போவான், பெயர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எந்த மொழியில் கேட்டிருப்பேன், கிளமெண்ட் பக்கத்தில் நின்று, மாமியா வீட்டு மாப்பிள்ளைல்லா என்று கேலி செய்கிறான், செய்தான், அண்ணே என்கிறாள் டெல்பின், அண்ணே, வேண்டாம், முழங்காலில் அவள் நகம் பதிகிறது, திரையில் அந்தப் பெண் காத்திருக்கிறாள், என் வாயையே பார்க்கிறாள்.

கஞ்சி, என்றேன். நல்லாக் குழைச்சுக் குடுத்தேம்மா, வயிறாரக் குடிச்சாரு.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் முழங்காலில் கை இல்லை. டெல்பின் வெயிலில் செருப்பில்லாமல் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.