திரையை மறைத்த விளம்பரம்

செல்போன் கடைக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில்தான் தையல்கார அக்கா உள்ளே வந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரலை இழந்தவர். எழுதுவதைப் படித்துப் பேசும் ஆப் ஒன்றுக்காகவே நாலு மாதம் முன்பு இதே கடையில் விலை குறைந்த டேப்லெட் ஒன்றை வாங்கியிருந்தார்.

அக்கா நீட்டிய டேப்லெட்டைக் கடைக்காரர் தொட்டுப் பார்த்தார். திரை அசையவே நேரமானது. பேசும் ஆப்பைத் தேடுவதற்குள் ஒரு விளம்பரம் திரை முழுக்க வந்து குந்திக்கொண்டது.

"எதையாவது தப்பாத் தொட்டிருப்பீங்கக்கா. கண்டதையும் இறக்கினா இப்படித்தான்" என்றார். எல்லாருக்கும் சொல்லும் அதே பதில்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வேகமாக எழுதி நீட்டினார். பில் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி அதை உரக்கப் படித்தாள்.

"முந்தாநாள் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில ஊசி போட வந்தாங்க. அந்த மருந்து அவருக்கு ஒத்துக்காது. அதைச் சொல்லத்தான் டைப் பண்ணி அமுக்கினேன். 'சக்கரத்தைச் சுத்துங்க, பரிசை அள்ளுங்க'ன்னு பாட்டு வந்துச்சு. இந்த நேரத்துலயா விளையாட்டுன்னு நர்ஸ் திட்டி வெளிய அனுப்பிட்டாங்க. பேப்பர் தேடி எழுதறதுக்குள்ள ஊசி போட்டாச்சு. முகமெல்லாம் வீங்கிருச்சு. எப்படியோ உயிரைக் காப்பாத்திட்டாங்க. நான்தான் தப்பாத் தொட்டிருப்பேன் தம்பி. எனக்கு விவரம் பத்தாது. கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

படித்து முடித்த மனைவி கணவரைப் பார்த்தாள்.

கடைக்காரருக்குக் காரணம் புரிந்துவிட்டது. டேப்லெட்டோடு வருவது ஒரே ஒரு ஆப் ஸ்டோர்தான். விற்கும் ஒவ்வொன்றிலும், வாங்கியவருக்குத் தெரியாமல், இன்னொரு கம்பெனியின் ஸ்டோரையும் அவர் ஏற்றிவிடுவார். அதற்கு அந்தக் கம்பெனி ஏஜென்ட் கமிஷன் கொடுப்பான். விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் அந்த ஸ்டோர் தானாக இறக்கிக்கொள்ளும். ஒரே ஆப்பை இரண்டு ஸ்டோரும் போட்டி போட்டு அப்டேட் செய்யும். இத்தனூண்டு மெமரி எவ்வளவுதான் தாங்கும்? அக்கா ஒரு ஆப்கூட இறக்கியதில்லை; பேசும் ஆப்பையும் அவர்தான் ஏற்றிக் கொடுத்திருந்தார்.

"அவங்களா தொட்டாங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

கடைக்காரர் டேப்லெட்டைக் கீழே வைத்தார். "இல்லக்கா... நீங்க எதையும் தொடல. நான்தான் காசுக்கு ஆசைப்பட்டு வேண்டாததை உள்ள போட்டுக் குடுத்தேன்."

அந்த ஸ்டோரை நீக்கப் பார்த்தார்; லேசில் போகவில்லை. டேப்லெட்டை முழுக்கத் துடைத்து, பேசும் ஆப்பை மட்டும் ஏற்றி அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். உணர்ச்சியே இல்லாத குரலில் டேப்லெட் பேசியது:

"என்னைத் திட்டின நர்ஸ்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன் தம்பி."

ஓங்கி அறைந்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது.

அக்கா போனதும் பில் புத்தகத்தைப் புரட்டி, டேப்லெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். "தப்பு என்மேலதாங்க. கொண்டு வாங்க, சரி பண்ணித் தரேன்" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டது.

மறுநாள் ஏஜென்ட் சிரித்துக்கொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும், "ஒரு ஆப்புக்கா இவ்வளவு அலப்பறைண்ணே?" என்றான்.

"விவரம் தெரியாதவங்க பொருளைப் பாத்து வாங்கல, நம்மள நம்பி வாங்குறாங்க. அந்த நம்பிக்கைக்குள்ள கள்ளத்தனமா எதையாவது திணிச்சா, அது யாரோட வாயை அடைக்கும், யாரோட உயிர்ல போய் நிக்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிளம்புப்பா."