உருளைக்கிழங்கு மூட்டையில் போன கிரீடம்

தலைநகர் லீமாவிலிருந்து மாக்சி போன் செய்தபோது கசில்டா சோளம் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மூட்டை வந்துருச்சு. கொட்டிப் பாத்துட்டேன். வெறும் கிழங்குதான் இருக்கு."

"நல்லாப் பாருடி. நடுவுல, கம்பளியில சுத்தி வச்சிருக்கேன்."

"ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுப் பாத்துட்டேன்க்கா. கிரீடம் இல்ல."

அடுப்பில் சோளம் கருகியது. மாக்சி சித்தி மகள், கூடவே வளர்ந்தவள்தான். ஆனாலும் அவள் புருஷன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அந்த நிமிஷம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

போனது ஊர்க் கோயில் மாதாவின் கிரீடம். வருஷத்துக்கு ஒரு வீடு திருவிழாப் பொறுப்பை எடுக்கும். திருவிழா வரைக்கும் கிரீடம் அந்த வீட்டில்தான் இருக்கும். போன வருஷம் ஒலிம்பியாவிடம் இருந்தது. அவளுக்கும் கசில்டாவுக்கும் தண்ணீர்ப் பங்கில் தொடங்கிய பகை. எதிரே வந்தால் தெருவை மாற்றி நடப்பார்கள். அவள் கையிலிருந்து வாங்கிய கிரீடத்தை ஒருநாள் துடைக்கும்போது, உச்சியில் இருந்த சிலுவை கையோடு வந்துவிட்டது. வெளியே சொன்னால் உடைத்தவள் கசில்டா என்றுதான் ஊர் பேசும். சத்தமில்லாமல் லீமாவுக்கு அனுப்பி, தட்டானிடம் பற்றவைத்து வாங்கிவிடலாம் என்று நினைத்தாள்.

தானே எடுத்துப் போகப் பயம். கணவாயில் பஸ்ஸை மறிக்கிறவர்கள் முதலில் அவிழ்ப்பது பெண்களின் முதுகு மூட்டையைத்தான். உருளைக்கிழங்கை எந்தத் திருடன் சீண்டுவான்? மலையிறங்குகிற ஒவ்வொரு பஸ்ஸின் வயிற்றிலும், பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் போகும் கிழங்குதான் நிறைந்திருக்கும்.

அதிலும் ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். அந்த ஊர்ப் பெண்கள் மூட்டை வாயைத் தைப்பது அவரவர் நிறக் கம்பளி நூலால். சிவப்பு என்றால் கசில்டா, தூரத்திலிருந்தே தெரியும். தன் மூட்டை என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று, இந்தத் தடவை வெறும் சணலால் தைத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

பஸ் ஆபீசில் பார்சல் வாங்குகிற வில்பர் புது ஜாக்கெட் போட்டிருந்தான். கசில்டாவின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

"என் மூட்டைய யார் பிரிச்சது?"

"யாரும் பிரிக்கலையேம்மா. போய்ச் சேரலையா?"

"சேந்துச்சு."

"என்ன அனுப்புனீங்க?"

"கிழங்கு."

"என்ன வந்துச்சு?"

"கிழங்கு."

வில்பர் அவளை மேலும் கீழும் பார்த்தான். "கிழங்கு போச்சு, கிழங்கு வந்துச்சு. அப்புறம் எதுக்கும்மா என் உசுர வாங்குறீங்க?"

மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கிழங்கு மூட்டைக்காக அழுகிற பெண்ணை வில்பர் தன் பிழைப்பில் பார்த்ததில்லை. இப்போது அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"உள்ள வேற என்ன வச்சீங்க? எதாவது ஏடாகூடமா? என் வேலைக்கு உலை வச்சிராதீங்க."

"ஒண்ணுமில்ல."

"என்ன கிழங்கு போட்டீங்க, அதையாவது சொல்லுங்க."

அந்தக் கேள்வி அவளுக்கே தோன்றாமல் போனதுதான் வெட்கக்கேடு. அவள் போட்டது ஊதா படர்ந்த சிவப்புக் கிழங்கு. அங்கேயே மாக்சிக்குப் போன் போட்டாள். வந்திருந்தது வெள்ளை.

"வெள்ளையா? அப்ப மூட்டை மாறிருச்சு," என்றான் வில்பர். "அன்னிக்கு சணல் தையல் போட்டது ரெண்டு வந்துச்சு. மேல எழுதுன, வாங்குறவங்க பேரு மழையில கரைஞ்சு போச்சு. சணல்ல தைக்கிறது இந்த ஊர்லயே ஒருத்தங்கதான். கம்பளி நூலுக்குக்கூட மனசு வராது அவங்களுக்கு."

ஒலிம்பியா! கிரீடம் லீமாவில் ஒலிம்பியாவின் மகன் வீட்டில் இருக்கிறது. அதற்குத் திருடன் கையிலேயே போயிருக்கலாம் என்று கசில்டாவுக்குத் தோன்றியது. ஒலிம்பியா நாலு நாளாகக் கோயில் பக்கமே வராததன் காரணமும் இப்போது விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. கமுக்கமாக அமுக்கிவிட்டாள், வேறென்ன?

கசில்டா போய்த் தட்டியதும் ஒலிம்பியா கதவைப் பாதிதான் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வந்துட்டியா? போலீச எங்க நிறுத்தி வச்சிருக்க?"

"என்ன போலீசு? என் மூட்டை உன் மகன்கிட்ட..."

"உன் மூட்டையா? மாதா கிரீடத்த என் மூட்டையில திணிச்சு, என்னைத் திருடின்னு ஊர் முன்னால நிறுத்தப் பாத்தியேடி! என் புள்ள போன்ல அழுவுறான். 'கோயில் நகையில கை வச்சுட்டியாம்மா'ன்னு கேக்குறான். பெத்த புள்ள கேக்குறான்!"

தான் சந்தேகப்பட்டவர்களின் வரிசையில் தன்னையே சந்தேகப்பட ஒருத்தி இருப்பாள் என்று கசில்டா நினைத்ததே இல்லை. வேறு வழியில்லாமல் சிலுவை கழன்ற கதையைச் சொன்னாள்.

"நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் ஒலிம்பியா.

"நீ குடுக்கும்போதே ஆடிக்கிட்டுதான் இருந்திருக்கும்."

இதிலேயே பாதி மத்தியானம் போயிற்று. கிரீடத்தை நானே போய் வாங்கிவருகிறேன் என்றாள் ஒலிம்பியா, கசில்டா விடவில்லை. அப்படியானால் நான் போகிறேன் என்றாள் கசில்டா. "நீ போயி, திருடி வீட்டுலருந்து மீட்டுட்டு வந்தேன்னு தமுக்கடிக்கவா?" என்றாள் ஒலிம்பியா. கடைசியில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

லீமாவில் மகனிடம் கிரீடத்தை வாங்கித் தட்டானிடம் கொடுத்து, அவன் வேலையை முடிக்கும் வரைக்கும், இரண்டு பக்கமும் முக்காலி போட்டு உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். "தாயே, கொஞ்சம் மூச்சாவது விடுங்க," என்று அவன் கும்பிட்டான். சிலுவையைப் பற்றவைத்து, மொத்தத்தையும் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தான். பகல் பஸ்ஸில் திரும்பினார்கள். கிரீடம் நடுவில், ஆளுக்கொரு கை அதன்மேல். வழியில் ஒதுங்க ஒருத்தி இறங்கினால் மற்றவளும் கிரீடத்தோடு கூடவே இறங்கினாள்.

அந்தப் பளபளப்புதான் வினையாயிற்று. திருவிழாவன்று மாதாவின் தலையில் கிரீடம் கண்ணைப் பறித்தது. நம் கிரீடம் எந்தக் காலத்தில் இப்படி மின்னியது என்று ஒருத்தி ஆரம்பித்தாள். வில்பரின் வாய் சும்மா இருக்குமா? கிழங்கு மூட்டைக்காக கசில்டா அழுததையும் அவள் லீமாவுக்குப் போய்வந்ததையும் அவன் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தான்.

"அசலை லீமாவுல வித்துட்டு, தகரத்துக்கு முலாம் பூசிக் கொண்டாந்துட்டா!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

தேரைத் தூக்கப் போனவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். சபைத் தலைவர் அத்தனாசியோ முன்னால் வந்தார்.

"கசில்டா, இது நம்ம கிரீடம்தானா?"

"நம்மளுதுதான் ஐயா. மாதா சத்தியமா."

ஒருவரும் நம்பவில்லை. நேற்று வரைக்கும் அவள் வீட்டில் சாப்பிட்டவர்கள்கூடக் குனிந்துகொண்டார்கள். அத்தனாசியோ போன வருஷம் கிரீடத்தை வைத்திருந்தவளைத் தேடினார். கூட்டம் முழுக்க ஒலிம்பியாவின் பக்கம் திரும்பியது. அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும்; கசில்டாவின் வீடு பேரன் பேத்தி காலம் வரைக்கும் திருடி வீடுதான்.

ஒலிம்பியா அவசரப்படவில்லை. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, கிரீடத்தையும் கசில்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம கிரீடம்தான். இவ கூடவே லீமாவுக்குப் போனேன். தட்டான் கையில வாங்குனதுலருந்து இங்க வந்து இறங்குற வரைக்கும் நான் கண்ணு இமைக்கல," என்றாள். "பின்ன, இவளைப் போய் நான் நம்புவேனா?"

ஊருக்கு அது போதுமாயிருந்தது. கசில்டாவைக் காப்பாற்ற ஒலிம்பியா பொய் சொல்வாள் என்று யாரும் கனவில்கூட நினைக்க மாட்டார்கள். தேர் எழுந்தது. கசில்டா சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ஒலிம்பியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அழுதது போதும், நட. அடுத்த வருஷப் பொறுப்ப மறுபடி நானே கேட்டு எடுக்கப் போறேன். வாங்கும்போது சிலுவைய நல்லா ஆட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."