அமைச்சரின் மதியத் தூக்கமும் மின்னல் சங்கும்

மதியம் இரண்டேகால் மணிக்கு அறிவியல் துறை அமைச்சர் தூங்கத் தொடங்கியபோது, அவருக்கு ஆலோசனை சொல்ல ஆறு நிபுணர்கள் வெளியே காத்திருந்தார்கள். ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தவர் மின்னல் ஆராய்ச்சியாளர் செங்கமலம்.

விழித்திருக்கும்போது அமைச்சருக்கு அறிவியல் புரியாது. தூங்கும்போது நன்றாகப் புரியும். ஆகவே அந்த மாநிலத்தின் தொழில்நுட்பக் கொள்கைகள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முடிவாகும். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து நிபுணர் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். சம்மதமென்றால் அமைச்சர் கண்ணைத் திறக்காமல் வலது கையை நீட்டுவார். தபேதார் மாசிலாமணி அதில் பேனாவை வைப்பார்; கையெழுத்து விழும்.

பேசுகிறவருக்கு அந்தப் பேச்சால் ஏதாவது கிடைக்குமென்றால் அமைச்சர் விழித்துக்கொள்வார். கம்பெனிக்காரர்கள் வணக்கம் சொல்லும்போதே விழித்தார். சம்பளத்துக்கு வந்த ஆலோசகர்கள் இரண்டு வாக்கியம் வரை தாங்கினார்கள். அதனால்தான் அரசு, யாரையும் சாராத, காசு வாங்காத நிபுணர்களைக் கூப்பிட்டது. அவர்களும் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்தார்கள்.

செங்கமலம் ஏற்கெனவே இரண்டு முறை பேசித் தோற்றவர். வயல்களில் அபாயச் சங்கு வைத்தால், மின்னல் விழுவதற்கு இருபது நிமிடம் முன்பே ஊதிவிடலாம். வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குள் போய்விடலாம். அவ்வளவுதான் அவர் ஆலோசனை. ஆனால் கடலை வயல் என்று சொல்லும் இடத்தில் அவர் குரல் கம்மிவிடும். அமைச்சர் எழுந்து உட்கார்ந்து, "யாரும்மா நீ?" என்பார்.

செங்கமலத்தின் தம்பி மனைவி பூங்காவனம் கூலிக்குக் கடலை பறிப்பவள். போன வருஷம் அவளுக்கு அடுத்த வரிசையில் குனிந்திருந்த இருவர் நிமிரவே இல்லை. ஆகவே இந்தக் கொள்கையால் செங்கமலத்துக்குக் கிடைக்க வேண்டியது ஒன்று இருந்தது. பூங்காவனம்.

மறுநாள் அமைச்சர் சுற்றுப்பயணம் கிளம்புகிறார். பயணத்தில் அவர் தூங்குவதில்லை. திரும்பி வருவதற்குள் மழையும் கடலை பறிப்பும் சேர்ந்தே தொடங்கிவிடும்.

முதல் நால்வர் போய் வந்துவிட்டார்கள். ஆறாவது நாற்காலியில் இருந்தவர் நாகர்கோவில் பக்கத்து வேதியியல்காரர் பெனடிக்ட். பழைய பேட்டரிகளின் ஈயம் குளங்களில் கலக்காமலிருக்க ஒரு விதி வேண்டும் என்று கேட்டு வந்தவர். அவருக்கும் அதே கோளாறு. குளம் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது.

"என்ன டாக்டரம்மா, இன்னைக்காவது அவரைத் தூங்க விடுவியளா?" என்றார்.

"போன வாரம் நீங்க எழுப்பின எழுப்புல பக்கத்து ரூம் செயலாளரும் முழிச்சுட்டாராமே?"

"அதை விடுங்க. எங்க குளத்தை நீங்க பாத்திருக்கியளா?"

"இல்ல."

"உங்க வயலை நானும் பாத்ததில்ல. மாத்திக்கிடுவோம்."

மாசிலாமணியிடம் கேட்டார்கள். "யார் எதைப் பேசினா எனக்கென்னங்க? ஐயா முழிச்சா திட்டு மட்டும் எனக்கு விழும்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

செங்கமலம் ஈயத்தைப் பற்றி நிதானமாகச் சொன்னார். குளத்தின் பெயரைக்கூடத் தடுமாறாமல் சொன்னார். அமைச்சர் கையை நீட்டினார். பேட்டரிக் கொள்கை முடிந்தது.

அடுத்து பெனடிக்ட் உட்கார்ந்தார். செங்கமலம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டார். பெனடிக்ட் சங்கைச் சொன்னார், இருபது நிமிடத்தைச் சொன்னார், கடலை வயலையும் சொன்னார். அமைச்சர் மெல்லக் குறட்டை விட்டார். வலது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. பாதி வழியில் நின்றது.

"தலைக்கு மேல மேகமே இல்லாதப்ப மின்னல் விழுமா?" என்று தூக்கத்திலேயே கேட்டார்.

விழும். பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மேகத்திலிருந்து பாய்ந்து வந்து விழும். பூங்காவனத்துக்குப் பக்கத்து வரிசையில் அப்படித்தான் விழுந்தது. செங்கமலம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பெனடிக்ட் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அமைச்சரைப் பார்த்தார்.

"தெரியாதுங்கய்யா."

அந்த அறையில் எந்த நிபுணரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. மாசிலாமணி விசிறிக்கொண்டே இருந்தார். அமைச்சரின் புருவம் தளர்ந்தது. புரண்டு வசதியாகப் படுத்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியாதுப்பா" என்றார். "தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, சங்கை அவங்க கையில குடுத்துடுங்க."

கையை முழுதாக நீட்டினார். மாசிலாமணி பேனாவை வைத்தார்.

வெளியே வந்ததும் செங்கமலம், "நிஜமாவே தெரியாதா? பத்தாங்கிளாஸ் பையனுக்குத் தெரியுமே" என்றார்.

"நான் பேட்டரிக்காரன்லா" என்றார் பெனடிக்ட். "வாங்க, டீ குடிப்போம். இப்ப நீங்க சத்தமாப் பேசலாம்."

 செங்கமலம் டீ ஆறும்வரை கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 17ஆம் தேதி மாலை நான்கு மணிக்குச் செங்கமலம் சங்கை ஊதினார். பூங்காவனமும் மற்றவர்களும் பறித்த செடிகளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இருபது நிமிடம் கழித்து மின்னல் இறங்கி வந்தது. வயலில் யாரும் இல்லாததால் வரப்பில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே மேலே ஏறிப் போனது.