சின்னண்ணன் ஆகிய நான்

என் பெயர் சின்னண்ணன், லாரிக்காரன். சங்ககிரியில் எனக்கு மூன்று வண்டி ஓடுகிறது. புது வண்டியின் ஆர்.சி. புத்தகம் வந்தால் முதலில் முனியப்பன் கோயிலுக்குத்தான் போகும். நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்த பிறகுதான் சாவியைத் தொடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் என் மகள் தனப்பிரியாவின் கவரையும் எடுத்துப் போனேன்.

அவள் இங்கே கோர்ட்டில் நான்கு வருடமாக வக்கீல். அமெரிக்காவில் சட்ட மேற்படிப்புக்கு இடம் கேட்டு எழுதியிருந்தாள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே கவரில் போட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தர வேண்டுமாம். அது பிரிபடாமல் அங்கே போய்ச் சேர வேண்டுமாம். சென்னைக்கு இரண்டு நடை போய் வாங்கி வந்திருந்தாள். கடைசித் தேதிக்கு ஆறே நாள்தான் இருந்தது.

கவர்மேல் மஞ்சள் வைத்தால் உள்ளே இருப்பது சாமிக்கு எப்படித் தெரியும்? கிழித்துவிட்டேன்.

கோர்ட்டிலிருந்து வந்தவள் கவரைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, பிரிச்சுப்போட்டீங்களா?"

"மஞ்சதான் வெச்சேன் கண்ணு. பசை போட்டு ஒட்டிப்போடலாம். அத்தன தூரத்துல எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்களே."

அவ்வளவுதான், திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். உட்கார்ந்து ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்து, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். சின்னண்ணன் ஆகிய நான், என் மகளுக்குத் தெரியாமல் கவரைப் பிரித்தேன். தாளில் மஞ்சள் வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

நோட்டரி எனக்குப் பழக்கமானவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை வைத்தார். எனக்கு மானம் போயிற்று.

"இதப் படிச்சா உன்னயச் சேத்திக்குவாங்களா?" என்று வழியெல்லாம் கேட்டேன்.

"சேத்தாட்டிப் போவுதுங்கப்பா. பொய் சொல்லிச் சேந்துட்டு, அங்க போயி என்ன சட்டத்தப் படிக்கறதுங்க?"

பத்திரத்தைப் படமெடுத்து அன்றே மெயிலில் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. உள்ளதைச் சொன்னதற்கு நன்றி, பட்டியலைப் பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பட்டும், இரண்டு வாரம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் இடமும் கிடைத்தது. நான் குழந்தைபோல அழுதேன்.

லாரி ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதெல்லாம் இதை நானே எல்லோரிடமும் சொல்கிறேன்.

"என் வண்டி கேசுல எத்தனையோ வக்கீலுங்க என்னயத் தப்பிக்க வெச்சாங்க. என்னய ஒத்துக்க வெச்சு செயிச்சவ எம்புள்ள ஒருத்திதானுங்க!"