செஸ்டர் கோர்ஸ்கியின் புலம்பலைத் தின்ற கோழிகள்

மார்ச் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமையிலிருந்து செஸ்டர் கோர்ஸ்கி வீட்டுக் கோழிகள் பதினொன்றும் தீவனத்தை விட்டுவிட்டு அவருடைய புலம்பலைத் தின்று வாழத் தொடங்கின. அன்று ஐம்பது பவுண்டு தீவன மூட்டை இருபத்திரண்டு டாலர். இரண்டு வருஷம் முன்பு பதிமூன்று. செஸ்டர் தீவன டப்பாவைக் கையில் பிடித்தபடி கூண்டு வாசலில் நின்று, சோள விலையையும் லாரி வாடகையையும் எங்கோ நடக்கிற சண்டையையும் வாய்க்கு வந்தபடி முக்கால் மணி நேரம் வைதார். டப்பாவைக் கவிழ்க்க மறந்தே போனார். கோழிகள் கழுத்தை நீட்டி ஒவ்வொரு வார்த்தையாக விழுங்கின. சாயங்காலம் அவர் மனைவி ஆர்டிஸ் தடவிப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் கழுத்தடியில் தீனிப்பை பந்துபோல் இருந்தது. மறுநாள் பதினொரு முட்டை.

"அதுங்களுக்கு என்னத்தைப் போட்டீங்க?" என்று கேட்டார் ஆர்டிஸ்.

"போடறதுக்கு எங்க இருக்கு? விக்கிற விலையில வாயாலதான் போடணும்," என்றார் செஸ்டர். பக்கத்தில் நின்ற சிவப்புக் கோழி அதையும் விழுங்கியது.

எங்கள் ஹால்வர் ஊரில் வேறு யார் வீட்டிலும் இது நடந்திருக்காது. வடக்கு மினசோட்டாவில் நார்வேக்காரர்களின் வம்சம் நாங்கள். குறை என்று ஒன்று வந்தால் அதை நாங்களே மென்று விழுங்கிவிடுவோம். கோழிக்கு மிச்சம் வைப்பதில்லை. எது நடந்தாலும் "இதவிட மோசமா இருந்திருக்கலாம்" என்று சொல்லி இன்னொரு காப்பி ஊற்றிக்கொள்வோம். சூறாவளி வந்து லைல் எங்கெப்ரெட்சனின் மாட்டுக்கொட்டகைக் கூரையைத் தூக்கிப்போன அன்று, "உள்ள நல்லா வெளிச்சம் வருது" என்றுதான் லைல் சொன்னார். செஸ்டர் சிகாகோக்காரர், முப்பத்தெட்டு வருஷம் முன்பு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்த நாள் முதல் அவர் வாய் ஓயவில்லை. புலம்பினால் வயிறு நிறையுமா என்று போதகர் உட்பட எல்லாரும் அவரைக் கேட்டிருக்கிறோம். நிறைகிறது என்று தெரிந்த பிறகு யாரும் கேட்கவில்லை.

கோடைக்குள் எந்தப் புலம்பல் எதற்கு என்று பிடிபட்டுவிட்டது. குளிரைப் பற்றிய புலம்பலில் சத்து கிடையாது, முட்டை ஓடு தோலாக வந்தது. வீட்டு வரியைத் திட்டினால் ஓட்டை உடைக்கச் சுத்தியல் வேண்டியிருந்தது. முழங்கால் வலி இறகு உதிர்க்கும் கோழிக்கு நல்லது. எல்லாவற்றையும்விடக் கோழிகள் விரும்பித் தின்றது தீவன விலையைப் பற்றிய புலம்பலைத்தான். மஞ்சள் கரு ஆரஞ்சுப்பழ நிறத்தில் திரண்டு வந்தது. மூட்டைக்கு ஒரு டாலர் ஏறினால் கோழிகள் ஒரு சுற்றுப் பருத்தன. மாவட்டக் கால்நடை மருத்துவர் வந்து தீனிப்பைகளை அழுத்திப் பார்த்து, நல்ல தீனி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோழிகள் ஆர்டிஸுடையவை. அடுப்படியில் அட்டைப்பெட்டி வைத்துக் குஞ்சிலிருந்து வளர்த்தவர். செத்துப்போன தன் அத்தைகள், சித்திகள் பதினொரு பேரின் பெயரையும் வைத்திருந்தார். அவற்றுக்கு ஒன்று என்றால் தாங்கமாட்டார். அதையும் வெளியே சொல்லமாட்டார்.

அக்டோபரில் செஸ்டரின் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். எட்டு வாரம் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். அதற்குள் மூட்டை இருபத்தேழு டாலர். ஆர்டிஸ் வாங்கி வந்து கொட்டினார். கோழிகள் அதைச் சரளைக்கல் மாதிரி காலால் கிளறிவிட்டு நிமிர்ந்து செஸ்டரின் வாயைப் பார்த்தன. செஸ்டர் ஒரு சிலேட்டு நிறையத் திட்டி எழுதிக் காட்டினார். கோழிகளுக்குப் படிக்கத் தெரியாததால் அது உதவவில்லை. போதகர் ஞாயிறு ஆராதனையில் அறிவிக்க, இருபது பேர் வரிசையில் வந்து கூண்டு முன்னால் நின்றோம். எங்களால் முடிந்ததைச் செய்தோம். "முதுகு கொஞ்சம் வலிக்குது," என்று ஆரம்பித்தார் லைல். கோழிகள் ஓடி வந்தன. "ஆனா பரவாயில்ல," என்று அவர் முடித்ததும் தின்றதை அப்படியே கக்கிவிட்டன. மற்ற பத்தொன்பது பேரும் அதே கதைதான். வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கு மறுநாளே முட்டை நின்றது. வியாழக்கிழமை இங்கபோர்க் என்கிற மூத்த கோழி எழுந்திருக்கவில்லை. செஸ்டர் சிலேட்டில், "பட்டினி போட்டுக் கொல்றது பாவம். ஞாயித்துக்கிழமை சூப் வச்சிடலாம்" என்று எழுதி ஆர்டிஸிடம் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கத்தி தீட்டப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, போட்டிருந்த நல்ல கோட்டோடு ஆர்டிஸ் நேராகக் கூண்டுக்குப் போனார். செஸ்டர் கத்தியோடு பின்னால் வந்து நின்றார்.

"விலை ரொம்ப அதிகம்," என்றார் ஆர்டிஸ். 'ஆனா' என்று சொல்ல வந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கோழிகள் தலையைத் தூக்கின. "அநியாய விலை." இரண்டு கோழிகள் எழுந்து வந்தன. "அந்த மனுஷன் காப்பிய உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறார். முப்பத்தெட்டு வருஷமா என் காதுக்குள்ளயே குடிக்கிற மாதிரி இருக்கு." இங்கபோர்க் கண்ணைத் திறந்தது.

அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. தேனிலவு என்று சொல்லி டிராக்டர் கண்காட்சிக்குக் கூட்டிப்போனது, அம்மா இறந்த அன்று அவர் பேஸ்பால் ஸ்கோர் கேட்டது, யார் வீட்டுக்குப் போனாலும் அவரே பேசி அவரே சிரித்து முடிப்பது என்று ஒன்றுவிடாமல் வந்தது. "ஒரு தடவை கடலப் பாக்கணும்னு எனக்கு ஆசை. சொன்னாத்தானே. சொல்ல எனக்கு எங்க சந்து கிடைச்சிது?" மதியம் மூன்று மணிக்கு ஊரே வேலியோரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. கோழிகள் தின்று தின்று உட்கார்ந்துவிட்டன. உட்கார்ந்தவாக்கிலேயே இங்கபோர்க் இரட்டைக் கரு முட்டை ஒன்று போட்டது. இதெல்லாம் நடந்தபோது செஸ்டரால் குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆர்டிஸ் சொன்னதை முழுசாகக் கேட்டது அன்றுதான். எங்களுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆர்டிஸை நினைத்து சந்தோஷமாகவும் இருந்தது.

செஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்தார். துடைத்தார். எழுதிக் காட்டினார்: "எந்தக் கடல்?"

"இப்ப கேக்குறார் பாருங்க," என்றார் ஆர்டிஸ். கோழிகள் அதற்கும் இடம் பண்ணிக்கொண்டன.

ஜனவரியில் இருவரும் டெக்சஸ் கடற்கரைக்குப் போனார்கள். எங்களை நம்பி விட்டுப்போக முடியாதாகையால் பதினொரு கோழிகளும் பிக்கப் வண்டியின் பின்னால் போயின. மோட்டல்காரர் கோழிக்கு ஒரு டாலர் வீதம் கூடுதலாகக் கேட்டார். அன்று காலைத் தீனி அதிலேயே முடிந்தது. பிறகு கடலுக்குப் போனார்கள். ஆர்டிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் நின்றார். கோழிகள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தன. எவ்வளவு யோசித்தும் அவருக்குக் குறை ஒன்றும் வரவில்லை. மதியம் தாண்டியும் அப்படியே நின்றார்.

செஸ்டருக்குக் குரல் கரகரப்பாகத் திரும்பியிருந்தது. மணலில் கூண்டை ஒட்டி உட்கார்ந்தார். "இவ்வளவு தண்ணி கிடக்கு, ஒரு வாய் குடிக்க முடியுதா?" என்று ஆரம்பித்து, உப்பு, வெயில், சட்டைக்குள் போன மணல் என்று, ஆர்டிஸ் காதில் விழாத அளவுக்கு மெதுவாகப் புலம்பிக்கொண்டே இருந்தார். கோழிகள் வயிறாரத் தின்றன.