மெதுவாகப் பாட ஒரு மைக்

வேம்புலிக்கு மைக் புதிதல்ல. பகலில் சென்னை பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஷிஃப்ட் முடிந்தால் கானா பாடகர். அதிலும் சாவு வீட்டுக் கானா. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று எங்கே பந்தல் போட்டாலும் அவருக்குப் போன் வரும். பறைக்கும் வெடிக்கும் மேலே எழும்ப வேண்டிய குரல். இருபது வருடம் அப்படியே பாடிப் பழகி, வீட்டில் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டில் சொம்பு எடுப்பார்கள் என்று மனைவி ஹேமாவதி சொல்வாள்.

ஆவடியில் வாழ்க்கைப்பட்ட தங்கை சுவேதா கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் போன் செய்தாள்.

"ண்ணா, கொயந்தைக்கு இப்பலேர்ந்தே காது கேக்குமாம். டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு தாலாட்டு பாடி அனுப்புண்ணா, தெனம் போட்டு உடுறேன்."

"அதுக்கு ஆயிரம் பாட்டு போன்லயே கீதேம்மா."

"அதுல எங்க அண்ணன் இல்லியே."

வேம்புலி போனை ஹேமாவதியிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். அவள் பேசி முடித்து வந்து என்னவென்று கேட்டாள்.

"எத்தினி வருசம் காத்துகினு கெடந்தா அவ. சாவு ஊட்ல பாடுற வாய் இது. அந்தப் புள்ள காதுல மொதல்ல வுழுற பாட்டு இதுவா இருக்கணும்?"

ஹேமாவதி போனில் ரெக்கார்டரைத் தட்டினாள். போனை அவர் முன்னால் நீட்டி, "சும்மா ரெண்டு வரி பாடு" என்றாள். பாடினார். திரும்பப் போட்டுக் கேட்டபோது தகர டப்பாவுக்குள் யாரோ சண்டை போடுவது போலிருந்தது.

"பாத்தியா?" என்றார் அவர்.

"தப்பு வாய்ல இல்ல. மைக்ல கீது."

அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டுகளுக்குச் சால்டரிங் வைக்கிற வேலை ஹேமாவதிக்கு. எந்தச் சாமானையும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்க மாட்டாள். அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் மைக் பற்றிய வீடியோவாகப் பார்த்தாள். வீட்டுக்குள் உட்கார்ந்து பாட்டுப் பதிகிறவர்கள் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வைத்துக்கொள்கிறார்கள், லட்ச ரூபாய்க்கும் இருக்கிறது, ஐந்தாயிரத்துக்குள்ளும் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவரை வண்டி எடுக்கச் சொல்லி வானகரத்தில் ஒரு மைக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

கடையை நடத்துகிறவள் பவ்யா. முப்பது வயது இருக்கும். கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்க, மூன்று மைக்குகளை மேசைமேல் வைத்தாள். முதலாவது அறுநூறு ரூபாய் செட். தங்கநிற வலையோடு பார்க்க அதுதான் அழகாக இருந்தது. வேம்புலி அதன் மேல் கை வைத்தார்.

"இதுக்குள்ள கரண்ட் எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள் ஹேமாவதி.

பவ்யா சிரித்தாள். "சரியா கேட்டீங்கக்கா. கண்டென்சருக்குக் கரண்ட் வேணும். இந்த செட்டுக்குப் பத்தாது, இரைச்சல்தான் வரும். இந்த ரெண்டாவது நல்ல மைக், ஆனா கரண்ட் குடுக்கத் தனியா ஒரு பொட்டி வாங்கணும், அது மைக்க விட வெல ஜாஸ்தி. மூணாவது யூஎஸ்பி. லேப்டாப்ல சொருகினா அதுவே எடுத்துக்கும். நாலாயிரத்தி எரநூறு."

மூன்றாவதைக் கடை லேப்டாப்பில் சொருகி வேம்புலியைப் பாடச் சொன்னாள். அவர் காலை அகட்டி நின்று, மூச்சை இழுத்து, பந்தலில் எடுப்பது போல் எடுத்தார். திரையில் சத்தம் காட்டும் பட்டை சிவப்பாக எகிறியது. பவ்யா தன் காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கினாள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, உங்க தொண்டைக்கு இது வேணாம். மேடையில பாடுற சாதா மைக்கே போதும். காச வீணாக்காதீங்க."

வேம்புலிக்கு நிம்மதியாகிவிட்டது. "சொன்னேன்ல ஹேமா, வா போலாம்" என்று கிளம்பினார்.

"இரு. மெதுவா பாடத்தான் இத்த வாங்க வந்துகீறோம்" என்றாள் ஹேமாவதி.

பவ்யா கொஞ்சம் யோசித்துவிட்டு ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினாள். "பாட வேணாம்ணா. வீட்ல யார்கிட்டயாவது கேக்குற மாதிரி, சாப்ட்டியான்னு மட்டும் கேளுங்க. ஒரு சாண் தள்ளி நின்னு."

வேம்புலி மைக்கைப் பார்த்தார். "சுவேதா, சாப்ட்டியாம்மா?"

பவ்யா அதைத் திரும்பப் போட்டாள். தன் மூச்சு உள்ளே போவது கேட்டது. உதடு பிரிகிற சத்தம் கேட்டது. நடுவே, அவருக்குத் தெரியாத ஒரு ஆள், தழைந்த குரலில், தங்கையைச் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இது நானா?"

"நீதான்" என்றாள் ஹேமாவதி. பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பில் சொருகியபோதுதான் அந்த மைக்கின் காது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. மேம்பாலத்து லாரி, மாடி வீட்டுக் குக்கர், குழாய்ச் சொட்டு, ஃபேன், எல்லாம் பாட்டில் வந்து உட்கார்ந்தன. ஹேமாவதி பவ்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். மைக்கின் முதுகைச் சன்னல் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், பாடுகிறவருக்குப் பின்னால் துணி தொங்க வேண்டும் என்றாள் அவள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கொடி கட்டி, இரண்டு ரஜாய்ப் போர்வையும் ஒரு ஜமுக்காளமும் போட்டார்கள். அடுத்த ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து தெருவே படுத்துவிட்ட நேரத்தில், ஃபேனை நிறுத்தினார்கள்.

வேர்வை ஒழுக நின்றார் வேம்புலி.

"செத்தவங்களப் பத்தின்னா ஆயிரம் சொல்லலாம். எப்டி வாய்ந்தாங்க, யாருக்கு இன்னா செஞ்சாங்கன்னு. இது இன்னும் பொறக்கவே இல்லியே. இன்னாத்த பாடுறது?"

"இங்க இன்னா இன்னா கீதுன்னு சொல்லு. வந்து பாக்கப்போற புள்ளதானே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாடி பாலம் தாண்டிவந்தா பட்டரவாக்கம்,
ஆவடிக்கு வந்துசேர அரைமணி நேரம்.
அவசரமே இல்ல கண்ணு, மெதுவா வா நீ,
அம்மா வளை சத்தத்துல கண்ணுறங்கு நீ."

முதல் நான்கு தடவை பழக்கதோஷத்தில் மூன்றாவது வரியில் குரல் பந்தலுக்குப் போய்விட்டது. ஐந்தாவதில் மாடியில் குக்கர் கூவியது. ஆறாவதில் ஹேமாவதிக்குச் சிரிப்பு வந்து, அவருக்கும் தொற்றி, இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒன்பதாவதைக் கேட்டுவிட்டு ஹேமாவதி ஃபேனைப் போட்டாள். அதைத்தான் அனுப்பினார்கள்.

சுவேதா பதிலுக்கு ஒரு நிமிடம் அழுகிற குரலைப் பதிந்து அனுப்பினாள். கடைசியில், "உதைக்குதுண்ணா" என்று மட்டும் கேட்டது.

அடுத்த மாதம் ஆவடியில் வளைகாப்பு. அண்ணன் வீட்டுச் சீராக ஐந்து வகைச் சோறும் வளையல் பெட்டியும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வேம்புலி பந்திப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார். சுப காரியங்களில் அவர் அப்படித்தான் நிற்பார். சுவேதாவின் மாமியார் பொன்னம்மாள் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"தம்பி, எங்க ஊட்டுக்காரர் போனப்போ நீதானே பாடுன?"

"ஆமா அத்தே."

"ராத்திரி பூரா கல்லு மாதிரி குந்திகினு இருந்தேன். உன் பாட்டக் கேட்டப்புறந்தான் அழுதேன். அன்னிக்குத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. இப்போ தெனம் காலைல என் மருமக உன் பாட்டப் போடுறா, நான் சமையக்கட்ட உட்டு வந்து கேக்குறேன். இங்க வந்து ஏன் ஓரமா நிக்கற? உள்ள வந்து பாடு."

"மைக்கு ஊட்ல கீது அத்தே."

"எனக்கு இன்னா காது செவுடா?"

உள்ளே மணையில் சுவேதா இரண்டு கையும் கண்ணாடி வளையலாக உட்கார்ந்திருந்தாள். வேம்புலி அவளுக்கு எதிரே சம்மணமிட்டு, ஒரு சாண் தள்ளி மைக் இருப்பதாக நினைத்துக்கொண்டு பாடினார். குரல் கூடத்தின் பாதிக்குக்கூட எட்டவில்லை. பின்வரிசைப் பெண்கள் எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். முடிந்ததும் பொன்னம்மாள், "இன்னொரு தபா" என்றார். இன்னொரு முறை பாடினார். அதற்குள் பாதிப் பேருக்கு வரிகள் பாடமாகிவிட்டிருந்தன.

சாயங்காலம் மின்சார ரயிலில் திரும்பும்போது வேம்புலிக்குப் போன் வந்தது. மண்ணூர்பேட்டையில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், நாளைக்குப் பாட வர முடியுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றார். போனை வைத்த கையோடு இன்னொன்று. வளைகாப்புக்கு வந்திருந்த ஒரு பெண், பேரனுக்கு முதல் பிறந்தநாள், இதேபோல் ஒன்று பதிந்து தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பையன் பெயர் என்னவென்று வேம்புலி கேட்டுக்கொண்டார், ஹேமாவதியே காதைக் கொண்டுவந்தால்தான் கேட்கிற அளவு மெதுவான குரலில்.

"கொடில கீற ரஜாய தொவைக்கப் போடலாம்னு இருந்தேன்" என்றாள் அவள்.

"ஒரு வாரம் போவட்டும்" என்றார் அவர்.